சாயும் தளத்தில் ஒரு மேசை

பாய்ப்படகின் பின்பகுதியில், சுக்கான் பிடிப்பவர் உட்காரும் பள்ளத்தைக் காக்பிட் என்கிறார்கள். இரு பக்கமும் நீள இருக்கை, நடுவே கால் வைக்க இடம், சுக்கான் சக்கரத்தைத் தாங்கும் தூண் ஒன்று. வெயிலும் காற்றும் படும்படி நாலு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட அந்தப் படகில் வேறு இடம் கிடையாது. அங்கே ஒரு மேசை வேண்டும். வீட்டுக்கு மேசை செய்கிற தச்சர் எத்தனை பேர் உட்காருவார்கள் என்று கேட்பார். படகுக்குச் செய்கிறவர் அதற்கும் முன்னால் இன்னொன்றைக் கேட்டாக வேண்டும்: தளம் எவ்வளவு சாயும்?

பக்கக் காற்றில் ஓடும் பாய்ப்படகு பதினைந்து இருபது பாகை சாய்ந்தபடிதான் மணிக்கணக்கில் போகும். அந்தச் சாய்வில் வீட்டு மேசை ஒரு சறுக்குப் பலகை. ஆகவே விளிம்பைச் சுற்றி இரண்டு மூன்று சென்டிமீட்டர் உயரத்துக்குச் சட்டம் ஓட்டுகிறார்கள். நாலு மூலையிலும் அந்தச் சட்டத்தைச் சேர்க்காமல் இடைவெளி விடுகிறார்கள். சிந்திய தண்ணீரும் பருக்கையும் துடைத்தால் வெளியே போக வேண்டுமே. மூலைகள் கூராக இருக்கக் கூடாது, உள்ளங்கை வளைவுக்கு உருட்டி இழைக்க வேண்டும். உட்காரும் பலகையிலிருந்து சாப்பிடும் பலகை 28 முதல் 30 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்தால் முதுகு வளையாமல் கை எட்டும். இந்த ஒரு கணக்கு மட்டும் வீட்டிலும் படகிலும் ஒன்றே, ஏனென்றால் அது தரையின் கணக்கு இல்லை, உடம்பின் கணக்கு.

அடுத்தது மடிப்பு. பலகைகளை விரித்து வைத்தால் அந்தப் பள்ளத்தில் நடக்க முடியாது. பாயை இழுக்கும் கயிறும் காலும் தடையில்லாமல் ஓட வேண்டிய இடம் அது. ஆகையால் நடுவில் ஒரு சாணுக்குக் குறைவான அகலத்தில் நிலையான பகுதி, அதன் இரு பக்கமும் கீல் வைத்துத் தொங்கும் சிறகுகள். நங்கூரம் பாய்ச்சி நின்றால் சிறகு விரியும், ஓடும்போது மடியும். காற்று முற்றிவிட்டால் எந்தப் படகிலும் மேசை மடிந்துகொள்ளும், சோற்றுக் கிண்ணம் மடியில் ஏறிவிடும். மடிந்த சிறகு ஆடி ஓசை எழுப்பாதபடி ஒரு கொண்டியும் வேண்டும். இரவுக் காவலில் இருப்பவருக்கு அந்த டக் டக் ஓசை பெரிய துன்பம்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரிகிற வேலை. மேசையின் உண்மையான கணக்கு அடியில் இருக்கிறது. ஒரு சாப்பாட்டு மேசை தாங்க வேண்டிய எடை என்ன? தட்டுகள், குழம்புச் சட்டி, ஊன்றிய முழங்கைகள், எல்லாம் சேர்த்து இருபது கிலோ. அந்த எடைக்குச் செய்த மேசை படகில் முதல் வாரத்திலேயே பிய்ந்துவிடும். அலையில் நிலை தவறுகிறவர் விழும் வழியில் எட்டிப் பிடிப்பது மேசையைத்தான். எழுபது கிலோ உடம்பு, சாயும் படகின் வேகத்தையும் சேர்த்துக்கொண்டு, பக்கவாட்டில் வந்து மோதும். அதனால் மேசைக் காலைத் தளத்தில் வெறும் திருகாணி போட்டு நிறுத்தினால் போதாது. தளத்தைத் துளைத்து அடிப்பக்கம் வரை போகும் போல்ட் வேண்டும். அடியில் அகலமான தகடு வைத்து நட்டு முடுக்க வேண்டும். மேலே எவ்வளவு அழகாக இழைத்திருந்தாலும், கீழே அந்தத் தகடு இல்லை என்றால் மேசை பிடுங்கிக்கொண்டு வரும். பிடித்தவரும் அதோடு போவார்.

இந்தக் கணக்கை நினைக்கிற போதெல்லாம் எனக்குக் கடல் நினைவுக்கு வருவதில்லை. கடலிலிருந்து வெகு தொலைவில், தாமிரபரணிக்கு மேலே ஆயிரம் மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருக்கும் மாஞ்சோலைதான் நினைவுக்கு வருகிறது. ஏன் என்று சொல்ல மரத்திலிருந்து தொடங்க வேண்டும்.

படகு மேசைக்குத் தேக்கைக் காட்டிலும் நல்ல மரம் இல்லை என்பார்கள். தேக்கின் வைரத்தில் எண்ணெய் இருக்கிறது; தண்ணீரில் ஊறினாலும் வெயிலில் காய்ந்தாலும் அதிகம் விரியாது, சுருங்காது. அந்த எண்ணெயே பசையைப் பிடிக்க விடாது என்பதால் ஒட்டுவதற்குச் சற்று முன் அசிட்டோன் தொட்டுத் துடைக்கிறார்கள். மரத்துக்குள் மணல் போன்ற சிலிக்கா இருப்பதால் இழைப்புளி சீக்கிரம் மழுங்கும். இன்று செலவைக் குறைக்க ஐ.எஸ். 710 முத்திரையுள்ள மெரைன் பிளைவுட்டில் பலகையைச் செய்து, விளிம்புக்கு மட்டும் தேக்குச் சட்டம் ஓட்டுகிறவர்கள் உண்டு. பழைய வீட்டு மேசை ஒன்றை வாங்கி, காலை அறுத்து, இரும்பு ஆணிகளைப் பிடுங்கி, பித்தளையும் 316 தரத் துருப்பிடிக்காத எஃகும் போட்டு மாற்றியமைப்பவர்களும் உண்டு. அதில் ஒரு நன்மை: ஐம்பது அறுபது ஆண்டு பழகிய தேக்கு, கோண வேண்டியதையெல்லாம் கோணி முடித்திருக்கும். காரைக்குடிப் பக்கம் இடிக்கப்படும் வீடுகளின் பர்மா தேக்குக்கு இன்றும் இருக்கிற மதிப்பு இதனால்தான்.

தேக்கைக் கடலுக்குக் கொண்டுபோன கைகளில் முக்கியமானவை வாடியா குடும்பத்தின் கைகள். லவ்ஜி நுசர்வான்ஜி வாடியா 1736-ல் சூரத்திலிருந்து பம்பாய்க்கு வந்த கப்பல் தச்சர். அவருடைய வழிவந்தவர்கள் பம்பாய்த் துறையில் பிரிட்டிஷ் கடற்படைக்கே போர்க்கப்பல் கட்டினார்கள். ஜம்சேட்ஜி பொமன்ஜி வாடியா மலபார்த் தேக்கில் கட்டி 1817-ல் நீரில் இறக்கிய கப்பலுக்குத் திருகோணமலையின் பெயரை வைத்தார்கள். ‘டிரிங்கமாலி’ இருநூறு ஆண்டுகள் தாண்டி இன்றும் இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூலில் மிதக்கிறது. அதே தச்சர் 1813-ல் முடித்த இன்னொரு தேக்குக் கப்பல் ‘கார்ன்வாலிஸ்’. 1842 ஆகஸ்ட் 29 அன்று, நான்கிங் நகரத்துக்கு வெளியே யாங்சி ஆற்றில், அந்தக் கப்பலின் அறையில் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்துதான் சீனாவின் தோல்வி ஒப்பந்தமாக எழுதப்பட்டது. ஹாங்காங் கைமாறியது, ஐந்து துறைமுகங்கள் திறக்கப்பட்டன. அந்தப் போரின் வேர் தேயிலையில் இருந்தது. சீனத் தேயிலைக்கு வெள்ளியாகக் கொடுத்து மாளாமல், கிழக்கிந்தியக் கம்பெனி இந்திய மண்ணில் அபினி விளைவித்து, அதைச் சீனாவுக்குள் தள்ளிக் கணக்கை நேர்செய்துகொண்டது. அந்த மேசைக்கு அடியில் நம் காட்டு மரம் இருந்தது. அதன் மேல் தேயிலையின் கணக்கு இருந்தது.

மலபார்க் காடுகள் மெலிந்தபோது தேக்குக்கான கோடாரி பர்மாவுக்குப் போனது. 1863-ல் வாலஸ் சகோதரர்கள் தொடங்கிய பம்பாய் பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் அந்தத் தொழிலில் பெரிய கம்பெனி ஆயிற்று. பச்சைத் தேக்கு தண்ணீரில் மிதக்காது. ஆகவே நிற்கிற மரத்தின் அடியில் பட்டையையும் வெள்ளையையும் சுற்றி வெட்டி, இரண்டு மூன்று ஆண்டுகள் நின்றபடியே சாகவிட்டு, காய்ந்த பிறகு வீழ்த்துவார்கள். யானைகள் ஓடைக்கு இழுத்துவரும். மழை வெள்ளம் ஆற்றுக்குக் கொண்டுவரும். ரங்கூன் வந்துசேர இன்னும் சில ஆண்டுகள் ஆகும். 1885-ல் அந்தக் கம்பெனிக்கும் பர்மா அரசுக்கும் மரக்கணக்கில் வழக்கு எழுந்தது. அரசு அபராதம் விதித்தது. பிரிட்டிஷார் அதையே காரணமாகப் பிடித்துப் போர் தொடுத்தார்கள். சில வாரங்களில் மாண்டலே வீழ்ந்தது, திபோ மன்னர் ரத்தினகிரிக்கு நாடுகடத்தப்பட்டார், 1886 புத்தாண்டு நாளில் மேல் பர்மா ஏகாதிபத்தியத்தோடு சேர்க்கப்பட்டது.

அந்தக் கம்பெனிதான் 1929-ல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 8,373 ஏக்கர் மலையை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. கல்லிடைக்குறிச்சியிலிருந்து மணிமுத்தாறு வழியே ஏறினால் மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று விரியும் எஸ்டேட்டுகள் அப்படி உருவானவை. இன்று அந்தக் கம்பெனி வாடியா குழுமத்தைச் சேர்ந்தது. தேக்குக் கப்பல் கட்டிய தச்சரின் வழிவந்தவர்களிடம், தேக்கு வெட்டிய கம்பெனி வழியாக, தேயிலை மலை ஒன்று வந்து சேர்ந்தது.

அந்த மலையில் காட்டை வெட்டித் தேயிலை நட்டவர்கள் கீழேயிருந்து ஏறிப்போன கூலி மக்கள். நெல்லைச் சீமையிலிருந்தும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலிருந்தும் போனவர்கள். பெரும்பாலும் சாதியின் அடித்தட்டில் நிறுத்தப்பட்டிருந்தவர்கள். அட்டையும் மழையும் நிறைந்த மலை. தமிழ்நாட்டில் மிக அதிகமாக மழை பெய்கிற இடங்களின் பட்டியலில் நாலுமுக்கும் ஊத்தும் தவறாமல் இருக்கும். அங்கே வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் நாலு தலைமுறை பிறந்து வளர்ந்தது. மேலே கோயிலும் தேவாலயமும் பள்ளிவாசலும் வந்தன, பள்ளிக்கூடம் வந்தது, பஸ் வந்தது. வராத ஒன்று, காலடி நிலத்தின் மேல் உரிமை.

லைன் வீடு வேலையோடு சேர்த்துக் கட்டிய வீடு. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு கொடுப்பதை முதலாளியின் கடமை ஆக்கியது. அது பெரிய முன்னேற்றம், மறுப்பதற்கில்லை. ஆனால் அந்தக் கடமை வேலை இருக்கும் வரைதான். ஐம்பத்தெட்டு வயதில் ஓய்வு பெற்றால், பிள்ளைகளில் ஒருவராவது கொழுந்து பறிக்கப் பேர் கொடுத்திருந்தால்தான் அதே கூரைக்குக் கீழே தொடர்ந்து இருக்க முடிந்தது. இல்லையென்றால் பாத்திரம் பண்டங்களைக் கட்டிக்கொண்டு மலை இறங்க வேண்டியிருந்தது. கட்டில், பெஞ்சு, தகரப் பெட்டி, பழைய தேயிலைப் பெட்டிப் பலகையில் அடித்த அலமாரி. இறங்குகிற நாளில் லாரியில் ஏறக்கூடிய சாமான்களே ஒரு வீட்டின் சொத்து. சுவரில் ஆணி அடிப்பதற்கே யோசிக்க வேண்டிய வீட்டில் எவரும் சுவரோடு சேர்த்து ஒரு மேசை செய்ய மாட்டார்கள்.

சாயும் தளத்தில் வாழ்கிறவர்களின் சாமான்கள் எங்கும் மடிகிறவைதான். இதில் தாழ்வு ஒன்றும் இல்லை. நம் கடலோடிகள் மேசை இல்லாமலேயே பல நூற்றாண்டுகள் ஓட்டியவர்கள். தூத்துக்குடித் தோணியில் மரப்பெட்டிக்குள் மணல் நிரப்பி அடுப்பு வைப்பார்கள். தட்டைத் தளத்தில் வைத்துச் சப்பணமிட்டுச் சாப்பிடுவார்கள். எது உயரத்தில் இருக்கிறதோ அதுதான் அதிகம் ஆடும் என்பதால், தளத்திலேயே உட்கார்ந்துவிடுவது கடலுக்குச் சரியான விடை. தாமிரபரணிக் கரையின் பத்தமடையும் அதே விடையைத்தான் நெய்கிறது. ஆற்றுக் கோரையைக் கிழித்து, நீரில் ஊறவைத்து, சாயம் ஏற்றி நெய்த பாய் விரித்தால் இருக்கை, படுக்கை, பந்தி எல்லாம் ஆகும். சுருட்டினால் ஒரு மூலையில் நின்றுவிடும்.

வல்வெட்டித்துறை மக்கள் வேப்ப மரத்தில் கட்டிய ‘அன்னபூரணி’யின் கதையையும் இந்த இடத்தில் சொல்ல வேண்டும். சரக்கு ஏற்றுவதற்காகக் கட்டிய பாய்க்கப்பல் அது. வில்லியம் ஆல்பர்ட் ராபின்சன் என்ற அமெரிக்கக் கடலோடி அதை விலைக்கு வாங்கித் தன் மனைவியின் பெயரைச் சூட்டினார். வல்வெட்டித்துறைத் தமிழர்கள் அதைச் சூயஸ் வழியாக, மத்தியதரைக் கடலையும் அட்லாண்டிக்கையும் தாண்டி ஓட்டிப்போய், 1938 ஆகஸ்டில் மாசசூசெட்ஸின் குளோஸ்டர் துறையில் சேர்த்தார்கள். கப்பல் அங்கே நின்றது. ஓட்டிப்போனவர்கள் ஊர் திரும்பினார்கள். கட்டியவரும் ஓட்டியவரும் ஒருவர், உட்கார்ந்து அனுபவிப்பவர் வேறொருவர் என்பது கடலில் புதிதல்ல. ஆனால் அந்தக் கடலோடிகளுக்குத் திரும்பிப்போக வல்வெட்டித்துறை இருந்தது. மாஞ்சோலைக்காரர்களுக்குத் திரும்பிப்போக எது இருந்தது?

1999 ஜூலை 23 அன்று, கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தோழர்களின் விடுதலையைக் கேட்டும் அவர்கள் திருநெல்வேலி ஆட்சியர் அலுவலகத்துக்கு ஊர்வலம் போனார்கள். போலீஸ் தடியடியில் சிதறியவர்களுக்கு ஒரு பக்கம் தடி, மறுபக்கம் ஆறு. தாமிரபரணியில் 17 பேர் மாண்டார்கள். பெண்களும் கைக்குழந்தையும் அதில் உண்டு. மலைமேல் அவர்கள் தினம் பார்க்கும் ஓடைகள் மணிமுத்தாறாகி வந்து சேர்கிற அதே ஆறு. கால் தடுமாறியவர்கள் எட்டிப் பிடிக்க அன்று அந்தக் கரையில் எதுவும் இல்லை.

2028-ல் குத்தகை முடிய வேண்டும். ஜமீன் ஒழிப்பில் நிலம் அரசுக்கு வந்து பல பத்தாண்டுகள் ஆகிவிட்டன. சுற்றியுள்ள காடு 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். குத்தகை நிலமும் காப்புக்காடு என்று 2018-ல் அறிவிக்கப்பட்டது. தவணை முடிவதற்கு முன்பே, 2024-ல், கம்பெனி விருப்ப ஓய்வுப் படிவங்களை நீட்டித் தோட்ட வேலையை நிறுத்தியது. கையெழுத்துப் போட்டவர்களுக்கு வீட்டைக் காலி செய்யக் கெடு வந்தது. தேயிலைத் தோட்டத்தை தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகமான டான்டீயே எடுத்து நடத்தட்டும் என்று கேட்டு வழக்குப் போட்டார்கள். அதே ஆண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அந்தக் கோரிக்கையை ஏற்க மறுத்தது.

மலை காடாகத் திரும்புவதை நான் எதிர்க்கவில்லை. சிங்கவால் குரங்குக்கும் யானைக்கும் அந்தச் சரிவுகள் வேண்டும். தாமிரபரணியின் தலையூற்று வேண்டும் என்பது நெல்லையும் தூத்துக்குடியும் சேர்ந்து வைக்கும் கோரிக்கை. பர்மாவில் மரத்தை நின்றபடியே சாகவிட்ட அந்தக் கம்பெனியின் முறை மண்ணையும் அப்படியே நடத்தியது. அதற்கு மருந்து காடுதான். ஆனால் காட்டுக்குக் கொடுக்கிற நியாயத்தின் கணக்கில் மக்களைக் கழித்துவிடுவதை ஏற்க முடியாது. காட்டை வெட்டச் சொன்னவர்கள் அவர்கள் இல்லை. வெட்டியதில் வந்த லாபத்தைப் பங்கிட்டுக்கொண்டவர்களும் அவர்கள் இல்லை.

இங்கேதான் அந்தப் படகு மேசையின் அடித்தகடு எனக்கு முக்கியமாகிறது. எஸ்டேட் அவர்களுக்கு எதுவுமே தரவில்லை என்று சொல்ல முடியாது. கூரை தந்தது, ரேஷன் தந்தது, மருத்துவமனை தந்தது, பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஆள் போட்டது. வேலை நடக்கிற நாளில் தட்டையும் சட்டியையும் தாங்கும் அளவுக்கு அந்த மேசை உறுதிதான். நாலு தலைமுறை அதில் கை ஊன்றிச் சாப்பிட்டது. ஆனால் அது மேலோட்டமாகத் திருகாணி போட்டு நிறுத்திய மேசை. வேலை என்ற ஒன்று சாய்ந்த அன்றைக்கே வீடும், கடையும், பள்ளிக்கூடமும், பக்கத்து வீட்டு உறவும், அப்பா அம்மாவைப் புதைத்த இடமும் சேர்ந்து பிடுங்கிக்கொண்டு வந்தன. எல்லாம் ஒரே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தவை.

நல்ல தச்சர் சாப்பாட்டு எடைக்குக் கணக்குப் போட மாட்டார். விழுகிறவரின் எடைக்குப் போடுவார். ஒரு மேசையைச் செய்கிறவருக்கு இருக்கிற இந்த அறம், ஒரு மலையைக் குத்தகைக்கு எடுக்கிறவருக்கும் கொடுக்கிறவருக்கும் இருந்திருக்க வேண்டும். 1929-ன் பத்திரத்தில் ஏக்கரும் ஆண்டும் தொகையும் எண்ணாக எழுதப்பட்டன. அந்த ஏக்கர்களில் வேலை செய்யப் போகிறவர் தொண்ணூற்றொன்பதாம் ஆண்டில் எங்கே நிற்பார் என்ற கணக்கை எவரும் போடவில்லை. ஜமீன் போய், வெள்ளையர் போய், குடியரசு வந்த பிறகும் போடவில்லை. 99 ஆண்டு என்பது திடீரென்று வந்த புயல் கிடையாது. தேதி தெரிந்த சாய்வு. அதற்கு முன்கூட்டியே அடித்தகடு வைக்க எழுபது ஆண்டு அவகாசம் சுதந்திர நாட்டுக்கு இருந்தது.

இப்போதும் செய்ய முடியாத வேலை இல்லை. கீழே எங்கே குடியமர்த்தினாலும் வேலையைச் சாராத வீடு, குடும்பத்தின் பெயரில் பட்டா, பயிரிட ஒரு துண்டு நிலம். காட்டை மீட்கிற வேலை நடக்கப் போகிறது என்றால் அதற்கு ஆள் வேண்டும். எந்தச் சரிவில் எந்த ஓடை எந்த மாதம் பொங்கும் என்று அறிந்தவர்கள் அவர்களே. தேயிலை நட்ட கைகளே நாவலையும் குங்கிலியத்தையும் நடட்டும், அரசுக் கூலியோடு, அரசு ஊழியரின் பாதுகாப்போடு. மேலே போய்க் கோயிலில் பொங்கல் வைக்கவும் கல்லறையில் மெழுகுவத்தி ஏற்றவும் வழி இருக்கட்டும். இவை சலுகைகள் என்று பேசப்படுகின்றன. நான் இவற்றைத் தளத்தைத் துளைத்துப் போக வேண்டிய போல்ட்டுகள் என்கிறேன். அவற்றை முடுக்காமல் மறுவாழ்வு என்று எதை நிறுத்தினாலும், அடுத்த சாய்வில் அதுவும் கையோடு வந்துவிடும்.